பத்தவைக்கும் டீச்சர்

வெல்டிங் என்ற சொல் பயிற்சி மேலாளரின் வாயில் வராது. வாசலில் அவர் வைத்த பலகையில் ‘உலோக உறவு மேம்பாட்டு மையம்’ என்றுதான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு ஒரு புருஷனும் பெண்டாட்டியும் தங்கள் சண்டையைத் தீர்த்துக்கொள்ள உள்ளே வந்து, பொறி பறப்பதைக் கண்டு, நம் வீடே தேவலை என்று கைகோத்துத் திரும்பிப் போனதாகப் பட்டறையில் ஒரு பேச்சு உண்டு.

அந்த மையத்தில் மாதச் சம்பளம் கொடுத்துத் தொழில் கற்றுக்கொடுத்தார்கள். சேர்ந்தவர்களில் ஒருத்தி முன்பு மழலையர் பள்ளியில் பாடம் நடத்தியவள். ஆகவே, படிக்க வந்தவளுக்கு டீச்சர் என்று பெயர் விழுந்தது. சொல்லிக்கொடுத்த ஃபோர்மேனே, “டீச்சர், வெல்டிங் ராடை அப்படிப் பிடிக்காதீங்க, அது சாக்பீஸ் இல்ல” என்பார்.

சேர்ந்த அன்றே மாமியார் கேட்டுவிட்டார். “வீட்டுல பத்தவச்சது போதாதுன்னு, சம்பளம் வாங்கிட்டு வேற பத்தவைக்கப் போறியா?”

“வீட்டுல சும்மாவே பத்தவைக்கத்தான் நீங்க இருக்கீங்களே அத்தை. அதான் நான் வெளிய பாத்துக்கிட்டேன்.”

மாமியார் அக்கம்பக்கத்தில் மருமகள் இன்னும் டீச்சர் வேலைதான் பார்க்கிறாள் என்றே சொல்லிவந்தார். மூக்கோரத்துக் கரிக்கு, “பிள்ளைங்களுக்குப் படம் வரையச் சொல்லித்தர்றா” என்று விளக்கம்.

ஆண்டுக் கடைசியில் தேர்வு. இரண்டு இரும்புத் துண்டுகளை ஒட்டித் தரவேண்டும். வெளியிலிருந்து வரும் பரிசோதகர் அதை இயந்திரத்தில் வைத்து லாடம் போல வளைப்பார். விரிசல் விட்டால் வீட்டுக்குப் போகலாம். விடாவிட்டால் நிரந்தர வேலை. பழைய பள்ளி முதல்வர் வேறு, “உங்க நாற்காலி இன்னும் காலியாத்தான் இருக்கு” என்று பாசமாகச் சொல்லியனுப்பியிருந்தார். மழலைகளுக்காகச் செய்த அந்த நாற்காலி முழங்கால் உயரம்தான். அதில் மறுபடியும் மடங்கி உட்கார்வதை நினைத்தாலே டீச்சருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

தேர்வன்றே மையத்துக்குத் திறப்பு விழா. ஒரு வருஷமாக நடக்கிற மையத்தைத் திறக்க கம்பெனி சேர்மனுக்கு அன்றுதான் நேரம் கிடைத்திருந்தது.

விழாவுக்கு முன்பே எல்லோரும் தேர்வுத் துண்டை முடித்து மேசைமேல் ஆற வைத்தார்கள். அவரவர் இடத்தில் சாக்பீஸால் பெயர். துண்டின் பின்பக்கத்து மூலையில் அவரவர் எழுத்தைச் சுத்தியலால் முத்திரை அடித்திருக்க வேண்டும். டீச்சருக்கு, ஆங்கிலத்தில் அந்தப் பெயரின் முதல் எழுத்தான ‘டி’.

சேர்மன் வந்தார். ரிப்பன் வெட்டினார். “இப்போது ஐயா தம் பொற்கரத்தால் முதல் உலோக உறவைத் தொடங்கிவைப்பார்!” என்று மேலாளர் ஒலிபெருக்கியில் முழங்கினார். முகக்கவசம் மாட்டிய சேர்மன் ராடை இரும்பில் வைத்தார். வைத்த ராடு அங்கேயே ஒட்டிக்கொண்டது. புதிதாக வருகிற எல்லோருக்கும் ஒட்டும்தான். ஆனால் யாருக்கும் கைதட்ட மாட்டார்கள். சேர்மன் இழுத்தார். ராடோடு துண்டும் கிளம்பி வந்தது.

“ஐயா கை பட்டதும் பிரிய இரும்புக்கே மனசில்லை!” என்றார் மேலாளர். கைதட்டல்.

ஒருவழியாக முடித்துத் துண்டை மேசையில் வைத்தார்கள். “காக்கா எச்சம்” என்று ஃபோர்மேன் முணுமுணுத்துவிட்டு, பலமாகக் கைதட்டினார்.

எல்லோரும் டீக்குப் போனபோது மேலாளர் கண்ணாடிச் சட்டத்தோடு மேசைக்கு வந்தார். சேர்மன் ஒட்டிய துண்டைச் சுவரில் மாட்டுவதாக ஏற்பாடு. இருப்பதிலேயே அழகான துண்டை எடுத்தார். ஐயா செய்தது அதுவாகத்தான் இருக்கும் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகமில்லை. அனாதையாகக் கிடந்த காக்கா எச்சத்தைக் காலியான இடத்தில் தள்ளி வைத்தார். அங்கே ‘டீச்சர்’ என்று எழுதியிருந்தது.

டீ முடிந்து தேர்வு தொடங்கியது. டீச்சர் இடத்தில் இருந்த துண்டைப் பரிசோதகர் புரட்டினார். “முத்திரை இல்லாத துண்டு எனக்குக் கணக்கில்லம்மா. உங்க துண்டு எங்க?”

டீச்சர் சுவரைப் பார்த்தாள். அவள் இழுத்த கோடு, வரிசையான நெளிவோடு, கண்ணாடிக்குள் மின்னியது. கீழே ‘ஐயாவின் கைவண்ணம்’.

“அதோ, சுவத்துல தொங்குது.”

மேலாளர் சட்டத்துக்கு முன்னால் வந்து நின்றார். “என்னம்மா பேசறீங்க? அது ஐயாவோடது!”

“டீச்சர், அடக்கி வாசிங்க” என்று ஃபோர்மேன் அவள் காதைக் கடித்தார்.

“அடக்கி வாசிச்சா நான் மறுபடியும் அ, ஆதான் வாசிக்கணும்” என்றவள், நேரே சேர்மன் முன்னால் போய் நின்றாள். “ஐயா, எங்க துண்டையெல்லாம் வளைக்கிறாங்க. உங்களுதை மட்டும் விட்டுட்டாங்க. வளைச்சா உடைஞ்சிடும்னு மேலாளருக்குப் பயமாம்.”

சேர்மன் திரும்பி மேலாளரைப் பார்த்த பார்வையில் சட்டத்தின் திருகாணிகள் தாமே கழன்றுவிடும் போலிருந்தது. “கழட்டுய்யா! வளைச்சுப் பாக்கட்டும்!”

இயந்திரம் துண்டை அழுத்தியது. மெல்ல மெல்ல அது லாடமாக வளைந்தது. பரிசோதகர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, வளைவை விரலால் தடவிப் பார்த்தார். “ஒரு கீறல் இல்ல. பாஸ்.”

கைதட்டல் கூரையைத் தூக்கியது. சேர்மன் அடக்கமாக இருக்க முயன்று தோற்றார்.

“முத்திரை, டி” என்று படித்தார் பரிசோதகர்.

“டின்னா டீச்சர்” என்றாள் டீச்சர்.

“டின்னா தலைவர்! தலைவர்னு எழுதினாலும் இங்கிலீஷ்ல அதே எழுத்துதானே!” என்று மேலாளர் பாய்ந்தார்.

பள்ளியில் ஒரே பொம்மைக்கு இரண்டு குழந்தைகள் அடித்துக்கொண்டால் டீச்சர் கையாள்கிற ஒரு குரல் உண்டு. அதை எடுத்தாள்.

“சரிங்க ஐயா, நீங்களே வச்சுக்குங்க. ‘டி’ பாஸ் ஆயிடுச்சு. பாஸான ஆள் நாளைக்குக் காலைல முதல் ஷிப்டுக்கு வந்துடணும். டேங்க் வேலை. உள்ள குனிஞ்சு உக்காந்து ஒட்டணும், காத்து வராது. உங்க அளவுக்குத் தோல் ஏப்ரன் எடுத்து வைக்கச் சொல்லட்டுமா?”

முகக்கவசத்துக்குள் வடிந்த வேர்வை இன்னும் காயாத சேர்மன், காலரைத் தளர்த்திக்கொண்டார்.

“நாளைக்கு எனக்கு மீட்டிங் இருக்கேம்மா.”

“அடுத்த நாள் வர்றீங்களா?”

“அதுக்கடுத்தும் மீட்டிங்தான்.” சேர்மன் மேலாளர் பக்கம் திரும்பினார். “யோவ், அவங்க பேர்லயே எழுதிக்கச் சொல்லுய்யா. நான் எல்லா வேலையையும் நானே பாத்துட்டு இருக்க முடியுமா?”

பரிசோதகர் எழுதிக்கொண்டார். ஃபோர்மேன் தன் கையாலேயே தோல் ஏப்ரனைக் கொண்டுவந்து டீச்சரிடம் நீட்டினார்.

சட்டத்தில் லாடம் அடங்காது. மேலாளர் வேறு வழியில்லாமல் காக்கா எச்சத்தையே எடுத்து மாட்டினார். வருகிறவர்கள் தலையைச் சாய்த்துப் பார்த்து, “ஆழமா இருக்கு” என்கிறார்கள்.

அன்று மாலை டீச்சர் வீட்டுக்கு வந்தபோது மாமியார் வாசலில் பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருந்தார். கரி முகத்தை மேலும் கீழும் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, “ஏம்மா, நீ நெஜமாவே டீச்சர்தானா?” என்றாள்.

“பின்ன? அங்க வேணா வந்து கேட்டுப் பாருங்கக்கா. ஃபோர்மேன்ல இருந்து எல்லாரும் டீச்சர்னுதான் கூப்பிடுறாங்க.”

மாமியார், தான் சொன்ன பொய் உண்மையாகிப் போன எரிச்சலில், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.