எழுந்து நிற்கும் கோடுகள்

பெரிய பொறியாளர் ஓய்வுபெற்ற அன்று, மேடையில், "நான் உள்ளே வரும்போது எழுந்திருக்காத எதையும்..." என்று ஆரம்பித்தார். "நம்பாதீங்க" என்று முடித்தாரா, "விட்டுவைக்காதீங்க" என்று முடித்தாரா, தில்லைநாயகத்துக்கு நினைவில்லை. மைக் வீலென்று கத்திவிட்டது. எப்படியானாலும், பாசனக் கோட்ட அலுவலகத்தில் அதிகாரி வந்தால் கணினித் திரையில் வரைபடங்கள் எழுந்து நிற்கும். எண்களைக் கொடுத்தால் வரைபடம் போட்டுத் தரும் அந்த மென்பொருள் லைப்ரரியைப் பராமரிப்பதுதான் தில்லைநாயகத்தின் வேலை.

செயற்பொறியாளர் குஞ்சிதபாதம் புகார் சொன்னார். "கோடு எழுந்திருக்குது, பட்டை எழுந்திருக்குது. இந்த வட்டம் மட்டும் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கே, என்ன திமிரு! எல்லாம் ஒரே மாதிரி நடந்துக்கணும். சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடுங்க."

வராந்தாவில் செங்கம்மாள் காத்திருந்தார். கால்வாயின் கடைசியில், கடைமடையில், அவருடைய நெல் கருகிக்கொண்டிருந்தது. மதகு ஷட்டரைத் திறக்க அதிகாரி குஞ்சிதபாதத்தின் கையெழுத்து வேண்டும். அவர் திரைக்கு முன்னால் வந்ததும் நீர்மட்டக் கோடு மரியாதையாக எழுந்து உச்சியில் நின்றுவிடும். "அதான் தண்ணி தளும்புதே" என்று போய்விடுவார். அவர் தலை மறைந்ததும் கோடு தரையில் உட்கார்ந்துகொள்ளும்.

"தம்பி, அந்தக் கோட்டைச் சித்த நேரம் உக்காரச் சொல்லேன். ஒரு கையெழுத்துப் போடுற மட்டுக்கும்."

"அதை மட்டும் சொல்ல முடியாதுக்கா. சொன்னா எல்லாத்துக்கும் சொல்லணும்."

"சொல்லேன். நாக்கு தேஞ்சா போயிடும்?"

வட்டத்துக்கு முட்டி வைத்து எழுப்பிவிடலாம். இல்லை, எல்லாவற்றையும் உட்கார வைக்கலாம். இரண்டுமே ஒரே மாதிரிதான். தில்லைநாயகம் எழுந்திருக்கும் வழக்கத்தையே அழித்தார்.

சாயங்காலம் குஞ்சிதபாதம் வந்தார். எதுவும் எழவில்லை. கோடு அடியில் கிடந்தது.

"அப்ப நான் ரிட்டயர் ஆயிட்டேன் போலிருக்கு" என்று பேனாவை மேசைமேல் வைத்தார். யாரோ சால்வை போர்த்தினார்கள். காராபூந்தி வந்தது.

"ஐயா, என் கையெழுத்து?" என்றார் செங்கம்மாள்.

"ரிட்டயர் ஆனவன் போடக்கூடாதும்மா. இதெல்லாம் யாருக்கு எழுந்திருக்குதோ அவங்கதான் அதிகாரி. அவங்ககிட்ட வாங்கிக்குங்க."

தில்லைநாயகம் லைப்ரரியைத் திறந்து, எழுந்திருக்கும் வழக்கத்தைத் திரும்ப வைத்து, அதிகாரி என்ற இடத்தில் செங்கம்மாள் பெயரை எழுதினார். வட்டத்துக்கும் சேர்த்துத்தான். எல்லாம் எழுந்தன. கோடு உச்சிக்குப் போனது.

"தண்ணி நிறையக் காட்டுதேக்கா" என்றார் தில்லைநாயகம்.

"அதை எதுக்கு நான் பாக்கணும்? வயலைப் பாத்துட்டுத்தானே வரேன்." செங்கம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்.

காலையில் ஷட்டரைத் திறந்தார்கள். அதிகாரி எந்த ஊரோ அந்த ஊரே தலைமடை, தண்ணீர் புறப்படும் இடம், என்பது கோட்டத்து வழக்கம். தண்ணீர் செங்கம்மாளின் வயலில் புறப்பட்டு, மேடேறி, அணையை நோக்கிப் போனது. அணைப்பக்கத்து ஆட்கள், தங்களுக்கு வந்து சேரவில்லை என்று வராந்தாவில் வந்து உட்கார்ந்தார்கள்.

தண்ணீரே திரும்பி ஓடுவதால், இனி வரைபடங்களையும் வலமிருந்து இடமாக வரைவது என்று தில்லைநாயகம் முடிவு செய்தார்.