கயிற்றின் கீழ்முனை

விதைக் கூம்பு பறிக்கும் பருவத்தில் ரெசோ அண்ணன் ஃபிர் என்கிற ஊசியிலை மரத்தில் ஏறினால், அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் கீழ்முனை என் கையில்தான் இருக்கும். நான் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அப்படித்தான். இந்தச் செப்டம்பரில் அவன் சியூரியைக் கட்டிக்கொண்டு வந்தான். காகேத்திக்காரி. திராட்சையும் வால்நட்டும் விளைகிற சமவெளிப் பெண்.

பீன்ஸ் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே அண்ணன் என்னிடம் சொன்னான்: "இந்தத் தடவ கயிறு சியூரி பிடிக்கட்டும். நீ மூட்டையப் பாத்துக்கோ, பிக்ரியா."

"அவங்களுக்கு ஃபிர் மரத்துக்கும் தொடப்பத்துக்கும் வித்தியாசம் தெரியுமா?"

"பாருடா, இவளுக்குப் பேச்சு வருது!"

சியூரியும் சிரித்தாள். சிரித்தால் அவளுக்குக் கன்னத்தில் குழி விழும். எனக்கு விழாது.

மறுநாள் காலை அண்ணன் கொக்கிகளைச் சரிபார்த்துக்கொண்டு பின்தங்க, நாங்கள் இருவரும் முன்னால் போனோம். எங்கள் மரம் பாதைக்குக் கீழே செங்குத்துச் சரிவில் நின்றது. அதன் உச்சி எங்கள் கண்மட்டத்துக்கு நேராக இருந்தது. அங்கே மட்டும் கூம்புகள், ஏற்றி வைத்த மெழுகுவர்த்திகள் போல நிமிர்ந்து, பிசின் வழிய நின்றன. இரண்டு வருஷம் காய்க்காமல் இருந்து காய்த்த மரம்.

"அய்யோ, இவ்ளோ பக்கத்துலயா! இதுக்கா ரெசோ கயித்துல தொங்கணும்?" சியூரி கீழே கிடந்த நீளக் கழியை எடுத்தாள். "எங்க ஊர்ல வால்நட்ட இப்படித்தான் தட்டுவோம். அவன் வர்றதுக்குள்ள முடிச்சிடலாமா?"

பைன் கூம்பு முழுசாக விழும். ஃபிர் கூம்பு விழாது. முற்றியதும் நின்ற இடத்திலேயே செதில் செதிலாக உதிர்ந்துவிடும், நடுத்தண்டு மட்டும் கிளையில் மிஞ்சும். கையால் திருகி எடுத்தால்தான் விதை நமக்கு. எங்கள் ஊரில் நடை பழகும் குழந்தைக்கும் இது தெரியும்.

"உங்க இஷ்டம் அண்ணி," என்றேன்.

அவள் ஓங்கித் தட்டினாள். செதில்களும் இறக்கை வைத்த விதைகளும் பொலபொலவென்று பறந்து பள்ளத்தாக்குக்குள் போயின.

"நெறைய விழுதுல்ல?" என்று மறுபடியும் தட்டினாள்.

அண்ணன் ஓடி வந்தான். அவன் கத்துவதைக் கேட்கத்தான் நான் காத்திருந்தேன். அவன் அவள் தலையைப் பார்த்தான், விழுந்து விழுந்து சிரித்தான். "காகேத்திக்காரி மரத்துக்கே சவரம் பண்ணிட்டா!" கூந்தலில் பிசினோடு ஒட்டிய செதில்களை ஒவ்வொன்றாக எடுத்தான். அவசரமே இல்லாமல் எடுத்தான்.

பிறகு என் பக்கம் திரும்பினான். "நீ பக்கத்துலதானே நின்ன? வாய் எங்க போச்சு?"

"அவகிட்ட நான் கேக்கவே இல்லியே," என்றாள் சியூரி. பொய். என்னைப் பார்க்காமலே கயிற்றை எடுத்து என் கையில் வைத்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியல. நீயே பிடி. மூட்டைய நான் தூக்கறேன்."

திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

சரிவில் இறங்கினோம். உச்சியின் மறுபக்கம் இன்னும் கூம்புகள் இருந்தன. அண்ணன் ஏறினான். நிரம்பிய பையை இறக்கும்போதெல்லாம், "சியூரி, தள்ளி நில்லு! சியூரி, கனமா இருக்கா?" என்றான். கயிறு என் உள்ளங்கையை அறுத்தது. அது இறுகும்போது மட்டும், கீழே நானும் இருப்பது அவனுக்குத் தெரிந்திருக்கும்.