தேருக்கு முன்னே பிள்ளைகள்

கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே பிரிகிற ரோட்டில் இருக்கும் அந்த ஊர் மாதா கோயிலில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சவுரிராயன் மைக்கைப் பிடித்தார். திருவிழா கமிட்டிக்கு அவர்தான் தலைவர்.

"இந்த வருஷம் தேர்பவனியில பொம்பளைங்களும் புள்ளைங்களும் வர வேணாம். கோயில் காம்பவுண்டுலயே நின்னு பாத்துக்குங்க. எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான்."

பாதுகாப்பாம். அமல்ராணிக்கு உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது.

போன வருஷம் தேருக்கு முன்னால் விழுந்தது அவள் மகள் ஆஷ்லின்தான். நேர்ச்சையாக உப்பும் மிளகும் தேரடியில் இறைப்பது அந்த ஊர் வழக்கம். மண் ரோடாக இருந்தவரை வம்பில்லை. புதிதாகப் போட்ட சிமெண்டு ரோட்டில் மிளகு உருண்டது, வெறுங்காலோடு போன பிள்ளை சறுக்கி விழுந்தது. அப்போதே தேரை நிறுத்தியிருக்கலாம். வடம் பிடித்த இளவட்டங்களுக்குத்தான் கண்மண் தெரியாத போதையாயிற்றே, இழுத்துக்கொண்டே இருந்தார்கள். சக்கரம் பிள்ளையின் பாவாடைமேல் ஏறித்தான் நின்றது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இந்தக் கமிட்டியோ அம்பு பட்டவர்களைப் பிடித்துக் காம்பவுண்டுக்குள் அடைக்கப் பார்த்தது.

அமல்ராணி எழுந்து நின்றாள்.

"மாமா, விழுந்தது எம் பொண்ணு. சரி. குடிச்சுட்டு இழுத்தது யாரு?"

சவுரிராயன் மைக்கைக் கீழே இறக்கினார்.

"திருவிழான்னா பசங்க கொஞ்சம் அப்டி இப்டிதான் இருப்பாங்க, அமலு."

"அப்போ அவங்க காம்பவுண்டுல நிக்கட்டும். எங்க புள்ளைங்க தேருக்கு முன்னாலதான் நடக்கும்."

"ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்."

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் புருஷன் தொம்மை முனகினான். "ஏன்டி ஊரு முன்னால பேஜாரு பண்ணிக்கினு இருக்க?"

"நீ குடிக்காம வடத்த புடி. அது போதும்."

திருவிழா அன்று சாயங்காலம் பெண்கள் கிணற்றுக் கயிற்றோடு வந்தார்கள். தேருக்கு முன்னால் கயிற்றை வட்டமாகப் பிடித்து, பிள்ளைகளை உள்ளே விட்டார்கள். ஒவ்வொரு பிள்ளை கையிலும் பேனாவால் போன் நம்பர். உப்பும் மிளகும் போட, தேரின் முகப்பில் ஒரு அன்னக்கூடை கட்டியிருந்தார்கள். ரோட்டில் ஒரு மிளகு விழவில்லை. ஆஷ்லின் போன வருஷத்துப் பாவாடையையே உடுத்தியிருந்தாள். சக்கரத்துக் கறை அப்படியே இருந்தது. அமல்ராணி வேண்டுமென்றேதான் உடுத்திவிட்டாள்.

மெயின் ரோட்டுத் திருப்பம் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அங்கே சவுரிராயனின் மகன் ஜோஸ்வின் தள்ளாடிக்கொண்டே வந்து வடத்தில் தொற்றினான். ஒரே வெட்டு வெட்டி இழுத்தான். தேர் பிள்ளைகள் பக்கமாகப் பாய்ந்தது.

சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவது சவுரிராயன் குடும்பத்தின் உரிமை. கட்டையோடு சக்கரத்தின் பக்கத்தில் நின்றவர், இழுப்பது தன் மகன் என்று பார்த்ததும் தயங்கினார். அமல்ராணி தயங்கவில்லை. அவர் கையிலிருந்து கட்டையைப் பிடுங்கிச் சக்கரத்தடியில் போட்டாள். தேர் குலுங்கி நின்றது.

"கட்டைய எடு, அமலு. அதைத் தொட உனக்கு உரிமை கெடையாது."

"உங்க புள்ள வடத்த வுடட்டும், எடுக்கறேன். மாதா விடிய விடிய இங்கயே நின்னாலும் சரி."

பேண்டு வாத்தியம் ஓய்ந்தது. பெண்கள் பிள்ளைகளோடு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். முதலில் தொம்மைதான் வடத்தைக் கீழே போட்டான். அவனைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போட்டார்கள். ஜோஸ்வின் மட்டும் தனியாக இழுத்துக்கொண்டு நின்றான், தேர் அசைந்தால்தானே.

சவுரிராயனுக்கு முகம் கறுத்துப்போனது. போய் மகனின் விரல்களை ஒவ்வொன்றாக வடத்திலிருந்து பிரித்தார். "வீட்டுக்குப் போ," என்றார். திரும்பி வந்து அமல்ராணியிடம் கை நீட்டினார்.

அவள் கட்டையை உருவி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"தேரு கோயிலுக்குத் திரும்பட்டும் மாமா. அதுவரைக்கும் எங்கிட்டயே இருக்கட்டும்."

அவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பிறகு மகன் விட்ட வடத்தைத் தானே எடுத்துப் பிடித்தார். பிள்ளைகள் புழுதியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். ஆஷ்லின் கூடையில் உப்பும் மிளகும் போட்டாள்.

தேர் பத்திரமாகக் கோயிலுக்குத் திரும்பியது. கட்டை திரும்பவில்லை. அமல்ராணி வீட்டுக் கதவுக்குப் பின்னால் அது கிடக்கிறது. வேண்டுமானால் ஜோஸ்வின் அடுத்த திருவிழாவுக்கு வந்து கேட்கட்டும், குடிக்காமல்.