என்டர் தட்டாத வரி

அந்த மேசைமேல் ஒன்பது வருடமாக ஒரு பழைய போர்வை கிடந்தது. போர்வைக்கு அடியில் ஒரு கீபோர்டும், ஒயர் பிடுங்கப்பட்ட ஒரு திரையும். ஊருக்கெல்லாம் தண்ணீர் அனுப்பும் அந்த பம்ப் நிலையத்தில் எத்தனையோ ஆபரேட்டர்கள் வந்து போனார்கள். எல்லோரும் சுவரிலிருந்த பொத்தான்களாலேயே வேலையை ஓட்டினார்கள். அந்த மூலைப் பக்கம் திரும்பாமலே நடந்து பழகிக்கொண்டார்கள்.

போர்வையை எடுக்க வந்தவள், அந்த நாற்காலியிலேயே உயிர்விட்டவரின் தங்கை. வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள்.

நடந்தது பட்டப்பகலில், மூன்று மணி வாக்கில். குழாய்க்குள் ஒரு வெல்டர் இறங்கியிருந்தார். மூன்றாம் வால்வு கோளாறாகித் தானாகத் திறந்துகொண்டது. வால்வின் எண், ஓர் இடைவெளி, பிறகு ‘க்ளோஸ்’ என்று ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து. இதைத் தட்டி என்டரை அமுக்கினால் மூடிவிடும். அமுக்க வேண்டியவர் அண்ணன். வால்வு மூடவில்லை. வெல்டர் வெளியே வரவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் அண்ணன் கீபோர்டின்மேல் கவிழ்ந்து கிடந்தார், நெஞ்சு நின்றுபோய். தூக்கத்தில் போயிருக்கலாம் என்றார் டாக்டர். விசாரணை அறிக்கைக்கு அந்தச் சந்தேகம்கூட இல்லை. பணி நேரத்தில் தூங்கினார் என்று எழுதி மூடிவிட்டது.

அன்றிலிருந்து அண்ணி வெல்டர் வீட்டுத் தெருவில் கால் வைத்ததில்லை. குழாயைத் திறக்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். துணி அலசிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், எப்போதாவது கேட்பாள்: “நிஜமாவே தூங்கிட்டாரா?”

 சின்னவளின் வேலை, அந்தப் பதில் இருக்கக்கூடிய இடத்துக்கு மிக அருகில் இருந்தது.

அவள் கர்னல் எழுதுகிறவள். கர்னல் என்றால் கம்ப்யூட்டருக்குள் எல்லா வேலைக்கும் மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்தின் பழைய கம்ப்யூட்டரை மாற்றப்போகிறார்கள். அதன் டிஸ்க் எப்போதோ செத்துவிட்டது. எந்த பம்ப் எப்போது ஓட வேண்டும் என்ற கணக்கெல்லாம் ஒன்பது வருடமாக அணையாத அதன் நினைவில்தான் இருக்கிறது. அணைத்தால் போச்சு. ஆகவே ஓடுகிற கர்னலுக்குள்ளேயே ஒரு டிபக்கரைச் சேர்க்கச் சொல்லி அவளைக் கூப்பிட்டார்கள். டிபக்கர் ஒன்றுமில்லை, மேஸ்திரியை நடந்த நடையில் நிறுத்தி, மடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற வழி.

அந்த மடியில் இன்னொன்றும் இருக்கும் என்று சின்னவளுக்குத் தெரியும். கீபோர்டில் தட்டுகிற எழுத்தையெல்லாம், என்டர் தட்டும்வரை கர்னல் ஒரு சின்ன இடத்தில் பத்திரமாகப் பிடித்துவைத்திருக்கும். அண்ணன் கடைசியாக எதையாவது தட்டியிருந்தால் அது இன்னும் அங்கேதான். வரி காலியாக இருந்தால்? அறிக்கை சொன்னதுதான் மெய்.

வீட்டில், அதே மாதிரி ஒரு மெஷினில் டிபக்கரை ஒத்திகை பார்த்தாள். நிறுத்தினாள். எட்டாவது விநாடியில் மெஷின் பட்டென்று அணைந்து புதிதாக எழுந்தது. நினைவு துடைத்துவிட்டாற்போல் வெறுமை. மறுபடியும் அப்படியே.

“ஏன் இப்படி உயிர் போய் உயிர் வருது?” என்றாள் அண்ணி.

“உள்ள ஒரு காவல்காரன் இருக்கான் அண்ணி. எட்டு விநாடிக்கு ஒருதரம் ‘இருக்கியா’ம்பான். கர்னல் ‘இருக்கேன்’னு சொல்லலைன்னா செத்துடுச்சுன்னு நெனச்சு மொதல்லேர்ந்து ஆரம்பிச்சுடுவான்.”

“அப்ப என்ன பண்ணுவே?”

“கர்னல் நிக்கும்போது என் டிபக்கரே ‘இருக்கேன்’னு சொல்லிடும்.”

அண்ணி அலசிய துணியைப் பிழியாமலே நின்றாள். “போனவங்களுக்குப் பதிலா குரல் குடுக்குறதா?”

“போகலை அண்ணி. நிக்குது, அவ்வளவுதான்.”

சொல்லிவிட்டாளே தவிர, அந்த நாலு வரியை இரண்டு தடவை எழுதி அழித்துவிட்டு மூன்றாம் தடவைதான் விட்டுவைத்தாள்.

நிலையத்துக்கு அண்ணியும் கூடவே வந்தாள். வேண்டாமென்றால் கேட்கிற ஆள் இல்லை. வாசலில் நின்றவர் நிலையத்திலேயே பழைய ஆபரேட்டர்; எல்லோரும் அவரை வால்வுக்காரர் என்பார்கள்.

“அந்த நாற்காலி வேணாம் பாப்பா, வேற கொண்டாரேன்.”

“பேய் இருக்கா சார்?”

“பேயா இருந்தா இந்நேரம் லீவு கேட்டிருக்குமே.” சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

சின்னவள் கேபிளைச் செருகினாள். தன் லேப்டாப்பிலிருந்து டிபக்கரை உள்ளே அனுப்பினாள். நிறுத்தினாள். பெட்டியில் மினுக்கிக்கொண்டிருந்த பச்சை விளக்கு மினுக்காமல் அப்படியே நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று. எட்டு. ஒன்பது. அணையவில்லை. அவள் எழுதிய குரல் உள்ளே ‘இருக்கேன், இருக்கேன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது.

முதலில் பம்ப் கணக்கையெல்லாம் பிரதி எடுத்தாள். கடமை கடமைதான். பிறகு அந்தச் சின்ன இடத்தைத் திறந்தாள். எழுத்துகள் எண்களாக வந்தன. முதலில் 33. அது மூன்று என்ற இலக்கம். 20, இடைவெளி. 63, சி. அடுத்தது எல். அடுத்தது ஓ.

அடுத்தது 73. எஸ். அதற்கடுத்ததும் 73. அதற்கடுத்ததும். வரி வரியாக, அந்த இருநூற்றைம்பத்தாறு இடமும் நிரம்பும்வரை, எஸ், எஸ், எஸ்.

“என்னடி அது?”

“தட்டிக்கிட்டு இருந்திருக்காரு அண்ணி. மூணாம் வால்வை மூடச் சொல்லி. எஸ்ஸுல விரல் நின்னுபோச்சு. யாரோ வந்து தூக்குற வரைக்கும் விரல் அதுமேலயே இருந்திருக்கு.”

அண்ணி அழவில்லை. சுவரோடு ஒட்டி உட்கார்ந்தது வால்வுக்காரர்தான்.

“தூக்கினது நான்தாம்மா. திரை பூரா ஒரே எழுத்தா ஓடியிருந்துச்சு. மெஷின் பைத்தியம் புடிச்சுடுச்சுன்னு ஒயரைப் புடுங்கிட்டேன். விசாரணையில யாரும் கேக்கலை. நானும் சொல்லலை. அதுதான் பதில்னு எனக்குத் தெரியலையேம்மா.”

அண்ணி அவர் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்றுதான் சின்னவள் நினைத்தாள்.

“விரல் ரொம்ப அழுத்தமா இருந்துச்சா?” என்று கேட்டாள் அண்ணி.

“மெதுவாத்தான் எடுத்தேன்மா.”

சின்னவள் அந்த எண்களையும் பிரதி எடுத்து இரண்டு இடத்தில் வைத்தாள். ஒன்று அலுவலகத்துக்கு. ஒன்று வெல்டர் வீட்டுக்கு; அதை நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன் என்று அண்ணி சொல்லிவிட்டாள். கர்னலை மறுபடி நடக்க விட்டதும் பச்சை விளக்கு மினுக்கத் தொடங்கியது. தான் நின்றது அதற்குத் தெரியாது.

“அதை முடிச்சு வைக்க முடியுமா?” என்றாள் அண்ணி.

சின்னவள் வால்வுக்காரரைப் பார்த்தாள். “மூணாம் லைன் காஞ்சு கெடக்கு. மூடுனா ஒண்ணும் ஆகாது,” என்றார் அவர். எழுந்துபோய்த் திரையின் ஒயரைச் செருகியதும் அவரேதான்.

போர்வையை எடுத்தார்கள். நாற்காலியில் அண்ணி உட்கார்ந்தாள். அழிக்கும் பொத்தானைச் சின்னவள் காட்டினாள். அழுத்திப் பிடித்தால் ஒரேயடியாகப் போய்விடும் என்றும் சொன்னாள்.

“வேணாம். ஒவ்வொண்ணா எடுக்கிறேன்.”

இருநூற்றைம்பது எஸ். ஒவ்வொன்றாக எடுத்தாள், தூங்குகிறவரின் கையை விலக்குவதுபோல. கடைசி எஸ்ஸை அவருக்கே விட்டாள். பக்கத்தில் ஈ என்ற எழுத்தைத் தட்டினாள். என்டர்.

தரைக்கு அடியில் எங்கோ கனமான இரும்பு ஒன்று முனகித் திரும்பியது. தங், என்று நின்றது. அண்ணி கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

திரையில் புதிதாக ஒரு காலி வரி வந்தது. அதன் தொடக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் மினுக்கிக்கொண்டிருந்தது, அடுத்து என்ன என்று கேட்பதைப்போல.

“போதும்னு அதுகிட்ட சொல்லிடு,” என்றாள் அண்ணி.

அந்த மெஷினுக்கு அப்படியொரு கட்டளை கிடையாது. சின்னவள் போர்வையை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். அதன் மறுமுனையை வால்வுக்காரர் பிடித்துக்கொண்டார்.