ஊசி நின்ற வாரம்

பிறந்த ஏழாவது வாரத்திலேயே குழந்தைக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து தினம் நாலு ஊசி. வீட்டில் எல்லோரும் வாலு என்று கூப்பிடும் அவளுக்கு இப்போது இரண்டு வயது. தையல்கடையில் வேலை பார்த்த அம்மாதான் ஊசி போடுவாள். பஸ் டிரைவரான அப்பா, குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டரம்மா பழைய சீட்டுகளைப் புரட்டிவிட்டு, "ஆறு மாசத்துக்குள்ளயே வந்ததா? அப்ப ஜீன் டெஸ்ட் எடுத்தே ஆகணும்" என்றார்.

ஐந்து வாரம் கழித்து முடிவு வந்தது. இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"சாப்பிட்டதும் செல்லுக்குள்ள ஏடிபின்னு ஒரு குட்டி மூலக்கூறு அதிகமாகும். கணையத்துச் செல்லுல பொட்டாசியம் வெளிய போற வழி ஒண்ணு இருக்கு. ஏடிபி போய் அதை மூடும். மூடினாத்தான் இன்சுலின் சுரக்கும். இவளுக்கு அந்த வழி ஏடிபிக்கு மசியவே மாட்டேங்குது. திறந்தே கிடக்கு."

"எங்க பொண்ணாச்சே, சொன்ன பேச்சு கேட்டாத்தானே!" என்று சிரிக்கப்போன அம்மா அழுதுவிட்டாள்.

"அப்ப இன்சுலினே இல்லைன்னாங்களே?" என்றார் அப்பா.

"இருக்குங்க. உள்ளயே அடைஞ்சு கிடக்கு. அந்த வழியை வேற இடத்துல பிடிச்சு மூடற மாத்திரை ஒண்ணு இருக்கு. இவளுக்குக் கேக்கும்னு நினைக்கறேன்."

வார்டில் சேர்த்து, மாத்திரையை நுணுக்கித் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். மூன்று நாள் ஒன்றும் அசையவில்லை. சர்க்கரை முந்நூறு, முந்நூற்று இருபது. அப்பா வராந்தாவில் நடையாய் நடந்தார். நான்காம் நாள் மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். மறுநாள் மதியம் கருவியில் நூற்று நாற்பது. நர்ஸ் நம்பாமல் இன்னொரு விரலில் குத்திப் பார்த்தார். நூற்று முப்பத்தெட்டு! இன்சுலினைப் படிப்படியாகக் குறைத்து, ஒன்பதாம் நாள் அடியோடு நிறுத்தினார்கள்.

"மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க" என்றார் டாக்டரம்மா. "ஊசி இனி வேண்டாம்மா."

அம்மா அந்தக் கடைசி வார்த்தையை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்த அம்மா இரண்டாவது நிறுத்தத்துக்குள் அசந்துவிட்டாள். இறங்கும் இடம் வந்தும் அப்பா எழுப்பவில்லை.

"இறங்கலையாண்ணே?" என்றார் பழக்கமான கண்டக்டர்.

"தூங்கட்டும்ப்பா. கடைசி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரோம்."

மடியிலிருந்த வாலு, தான் கடித்த பிஸ்கட்டின் மிச்சத்தை அவர் வாயில் திணித்தாள்.