ஆறு இலக்க ரகசியம்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் முதலில் போனவர் பெரியப்பா. சுவருக்கு வெள்ளையடிக்கப் போனார். அந்த அனுபவத்தை வைத்து, நான் என்ன படிக்க வேண்டும், என்ன வேலைக்குப் போக வேண்டும் என்று மூன்று மாதமாக எனக்கு அறிவுரை வழங்கிவந்தார். படிக்கப் போகிற முதல் ஆள் நான்தான் என்பது அவருக்குச் சின்ன விவரம்.

பள்ளியிலும் எங்களை வேலைக்குத் தயார்செய்ய மூன்று நாள் வகுப்பு வைத்தார்கள். டை கட்டிய பயிற்சியாளர் ஒருவர் வந்தார். "உன் குரல்ல திமிர் இருக்கும்மா. இந்தக் குரலுக்கு எவன் வேலை தருவான்?" என்றார். போனில் எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுத்தார். வணக்கம், தயவுசெய்து, எல்லோரையும் 'நீங்க'. குரலில் தேன் சொட்ட வேண்டுமாம். சொட்டினேன். சான்றிதழ் தந்தார்கள்.

கல்லூரியில் இடம் கிடைத்தது. கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் உறுதி செய்யாவிட்டால் அது அடுத்த ஆளுக்குப் போய்விடும். "கூட்டம் குறையட்டும்" என்ற பெரியப்பாவின் பொன்மொழியைக் கேட்டு, அந்தக் கடைசி நாளில்தான் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். நாலே முக்காலுக்குப் பொத்தானை அழுத்தினேன். ஓடிபி அப்பாவின் போனுக்குப் போய்விட்டது. வீட்டில் இருப்பது ஒரே போன், அது அப்பாவோடு வேலைக்குப் போகும்.

அப்பா தொழிற்சாலை கேட்டில் காவலாளி. அடையாள அட்டையை மறந்து வந்த முதலாளியின் மருமகனையே அரை மணி நேரம் வெயிலில் நிறுத்தியவர். அதற்கு முந்தின வாரம் காவலாளிகளுக்குப் போன் மோசடி பற்றிக் கூட்டம் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து எங்களுக்கும் அதே கூட்டத்தைப் போட்டார்.

கடைக்காரர் தன் போனைத் தந்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். பின்னால் நாலு பேர் வரிசையில். பயிற்சிக் குரல் தானாக வந்துவிட்டது.

"வணக்கம்ப்பா. தயவுசெய்து உங்க போனுக்கு வந்திருக்கிற ஆறு நம்பரைச் சொல்றீங்களா?"



"யாரு நீ?"

"உங்க பொண்ணுப்பா."

"பொண்ணு குரல்லயே பேசுவீங்கன்னு கூட்டத்துல சொன்னாங்க. என் பொண்ணு என்னை 'நீங்க'ன்னு சொன்னதே இல்லம்மா."

அம்மா பெயரைச் சொன்னேன். வீட்டு எண்ணைச் சொன்னேன்.

"நல்லாத்தான் விசாரிச்சு வச்சிருக்கீங்க."

மணி நாலு ஐம்பத்தாறு. அழுகை வந்துவிட்டது. "ப்ளீஸ்ப்பா, சொல்லுங்க" என்று கெஞ்சினேன்.

"இந்தா பாரு. என் பொண்ணு எங்க வம்சத்துலயே முதல் முதலா காலேஜ் போறவ. எங்க மேனேஜரே அவகிட்ட வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கிட்டாரு. அவளை நினைச்சாத்தான் நான் இந்தக் கேட்ல நிமிர்ந்து நிக்கிறேன். அவளாவது கெஞ்சுறதாவது! போனை வை."

என் முகத்துக்கு நேரே அவர் சொன்னதெல்லாம் "வாயைக் குறை" ஒன்றுதான். ஆனால் உருகி நிற்க மூன்று நிமிடம்தான் இருந்தது. தேனைத் துடைத்துப் போட்டேன்.

"யப்பா! உனக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா? அஞ்சு மணிக்கு என் சீட்டு போயிடும். நீ கேட்டைக் காவல் காத்தது போதும், நம்பரைச் சொல்லித் தொலை!"

வரிசையில் நின்ற நாலு பேரும் ஓரடி பின்னால் போனார்கள்.

"அட, நீதானா! இதை முதல்லயே இப்படிக் கேக்குறதுக்கு என்ன?" என்று ஆறு எண்ணையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஐந்தடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது திரையில் 'சேர்க்கை உறுதி' என்று வந்தது.

"ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சுப்பா."

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, சரி. நான் சொன்னதை யார்கிட்டயும் சொல்லிடாதே."

எண்ணை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. மற்றதைத்தான் பெரியப்பா முதல் அந்த டை கட்டியவர் வரை எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.