ஒவ்வொரு பெட்டியின் எடை

ஒரு நாட்டுக் கம்பெனியின் கணினி, சரக்கு கிளம்பியதும் இன்னொரு நாட்டுக் கணினிக்கு என்னென்ன தகவல் அனுப்ப வேண்டும்? இதை முடிவு செய்ய எங்கள் குழு ஆறு வருடமாக உட்கார்ந்திருக்கிறது. அதில் ஒரு வருடம் கமாவுக்கே போனது. தலைவருக்குக் கமா சார் என்று நான்தான் பெயர் வைத்தேன்.

நான் வரைவு எழுதுபவள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அண்ணன் கிடங்கில் பெட்டி இறக்குகிறான். லாரிக்கு முன்பே திரையில் தகவல் வந்துவிடும்: நாற்பது பெட்டி, மொத்தம் ஆயிரத்து அறுநூறு கிலோ. பெட்டிக்கு நாற்பது கிலோதானே என்று ஒருநாள் குனிந்தான். உள்ளே இருந்தது மோட்டார், நூற்றுப்பத்து கிலோ. அன்று போன முதுகோடுதான் இன்றும் இறக்குகிறான்.

ஒவ்வொரு பெட்டியின் எடைக்கும் எங்கள் வரைவில் கட்டம் உண்டு. விருப்பமிருந்தால் நிரப்பலாமாம். எந்த மகராசன் நிரப்புவான்? கட்டாயமாக்குங்கள் என்று மூன்று முறை எழுதிக்கொடுத்தேன்.

“உணர்ச்சிவசப்படாதம்மா,” என்றார் கமா சார். “இது வெறும் டேட்டா.”

கூட்டத்தின் கடைசி நாள் வரைவை ஒவ்வொரு பிரிவாக வாசிப்போம். ஆட்சேபம் வராவிட்டால் நிறைவேறியது என்று அர்த்தம். இந்த முறை நாற்பதாவது பிரிவில் கமா சாருக்குப் போன் வந்தது.

“நீயே கேட்டு முடிச்சிடும்மா,” என்று வெளியே போனார்.

நிறுத்தி நிதானமாகவே வாசித்தேன். “பெட்டி எடை. விருப்பம்னு இருந்ததைக் கட்டாயம்னு மாத்தணும்ங்கறது என் திருத்தம். ஆட்சேபம் உண்டா?”

குரூப் போட்டோவில் யார் நடுவில் நிற்பது என்று அங்கே பெரிய வழக்கு நடந்துகொண்டிருந்தது. குழுவில் இருந்த மென்பொருள் கம்பெனிக்காரர் மட்டும் நிமிர்ந்தார்.

“இன்னும் எத்தனை இருக்கு?”

“இருபது.”

“அப்ப ஓட்டுங்க மேடம்.”

ஓட்டினேன்.

திரும்பி வந்து வரைவைப் புரட்டிய கமா சாருக்கு முகம் சுண்டிப்போனது. “யாரைக் கேட்டு மாத்துன?”

“இங்க இருக்கற எல்லாரையும் கேட்டுத்தான் சார். குறிப்புல இருக்கு.”

“மறுபடி எடுக்கணும்.”

“எடுக்கலாம் சார். விதிப்படி எல்லாரும் நாளைக்கும் உட்காரணும்.”

விமானத்துக்கு நேரமாகிறது என்று எல்லோரும் அவரை முறைத்தார்கள். அவர் கையெழுத்துப் போட்டார்.

அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“எப்பலேர்ந்து?” என்றான்.

“ரெண்டு வருஷம் ஆகும்.”

“சரி, நூத்திப்பத்துன்னு திரையில தெரியுது. தனியா தூக்க மாட்டேன்னு சொன்னா சூப்பர்வைசர் விடுவானா?”

“அது எங்க கமிட்டில வராதுண்ணா.”

“பரவால்ல விடு. குனியறதுக்கு முன்னாடி தெரியுமில்ல, அது போதும்.”

“போதாது,” என்றேன்.